வீட்டில் டிரம்ஸ் ரெக்கார்ட் செய்ய எட்டு சேனல் ப்ரீஆம்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டில்தான் என் ரெக்கார்டிங் அறை. ஸ்டுடியோ என்று சொன்னால் எங்கள் அம்மாவே சிரிப்பார். ஒரு டிரம் செட், எட்டு மைக், ஒரு லேப்டாப், அவ்வளவுதான். லைட் மியூசிக் வாசிக்கிற தம்பிகள், சர்ச்சில் வாசிக்கிறவர்கள், தவில் கற்றுக்கொள்கிற பையன்கள் என்று போன் செய்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் முக்கால் மணி நேரம் பேசித் தொண்டை கட்டிப்போகிறது, அதனால் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். விலை எழுதவில்லை. இன்று எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும்.

ப்ரீஆம்ப் வேறு, இன்டர்ஃபேஸ் வேறா?

மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கில் ஒரு துளி மின்சாரம். அதைப் பயன்படும் அளவுக்குத் தூக்கிவிடுகிற சர்க்யூட்தான் ப்ரீஆம்ப். தூக்கியதை எண்ணாக மாற்றி யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்புகிற பெட்டி இன்டர்ஃபேஸ். இன்று கடையில் கிடைக்கிற இன்டர்ஃபேஸ்கள் பெரும்பாலானவற்றுக்குள் ப்ரீஆம்ப் இருக்கிறது. அதனால் "ப்ரீஆம்ப் வாங்கணும் அண்ணே" என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது எட்டு மைக் குத்துகிற ஒரு இன்டர்ஃபேஸ். ஏற்கெனவே நல்ல இன்டர்ஃபேஸ் ஒன்று வைத்திருந்து, அதில் மைக் ஓட்டை போதவில்லை என்றால் மட்டும்தான் தனி ப்ரீஆம்ப் பெட்டியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எத்தனை சேனல் இருந்தால் போதும்?

நாலு இருந்தாலே நல்ல டிரம்ஸ் எடுக்கலாம்: கிக்குக்கு (காலால் அடிக்கிற பெரிய டிரம்) ஒன்று, ஸ்நேருக்கு (அடியில் கம்பி கட்டிய சின்ன டிரம்) ஒன்று, செட்டுக்கு மேலே நிறுத்துகிற ஓவர்ஹெட் மைக் இரண்டு. லெட் செப்பெலினை ரெக்கார்ட் செய்த கிளின் ஜான்ஸ் என்ற இங்கிலாந்து இன்ஜினியர் பெயரில் இன்றும் வழங்குகிற முறையே மூன்று நாலு மைக்கில் முடிந்துவிடுகிற முறைதான்.

எட்டு இருந்தால் கிக், ஸ்நேர் மேல், ஸ்நேர் கீழ், ஹை-ஹேட், சின்ன டாம், தரை டாம், ஓவர்ஹெட் இரண்டு என்று நிரப்பலாம். வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் எட்டாகவே வாங்குங்கள், ஏனென்றால் நாலு சேனல் வாங்கியவர்கள் ஒரே வருடத்தில் "இன்னொரு நாலு எப்படிச் சேர்ப்பது" என்று எனக்குத்தான் போன் செய்கிறார்கள்.

என்னிடம் இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ் இருக்கிறது. அதோடு எட்டு சேனல் ப்ரீஆம்ப் சேர்க்க முடியுமா?

பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சின்னச் சதுர மூடி போட்ட ஆப்டிகல் ஓட்டை இருக்கிறதா? இல்லையென்றால் முடியாது, அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. பேஸிக் இரண்டு சேனல் மாடல்கள் பெரும்பாலானவற்றில் அது இருக்காது.

இருந்தாலும் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அந்த ஓட்டை ஏடாட் முறையை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏடாட் என்பது அலெசிஸ் கம்பெனி 1991-இல் தன் எட்டு டிராக் டேப் ரெக்கார்டருக்காகக் கொண்டுவந்த முறை. டேப் போய்விட்டது, ஒரே ஒளி நூல் வழியாக எட்டு சேனல் அனுப்புகிற அந்த வழி மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. எஸ்பிடிஃப் என்கிற இரண்டு சேனல் முறைக்கும் அதே வடிவ ஓட்டை, அதே கேபிள்தான். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மேனுவலில் "ஏடாட் இன்" என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். "ஏடாட் அவுட்" மட்டும் இருந்தால் பிரயோஜனம் இல்லை.

இரண்டு சின்ன இன்டர்ஃபேஸை ஒரே லேப்டாப்பில் போட்டால்?

மேக்கில் அக்ரிகேட் டிவைஸ் என்று ஒரு வசதி உண்டு, இரண்டையும் ஒன்றாகக் காட்டும். விண்டோஸில் ரெக்கார்டிங்குக்குப் பயன்படுகிற ஏசியோ முறை ஒரு நேரத்தில் ஒரு டிரைவரைத்தான் எடுக்கும், ஏசியோ4ஆல் என்கிற சாஃப்ட்வேர் போட்டு ஒட்டவைக்கலாம். வேலை செய்யும். ஆனால் இரண்டு பெட்டிக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது, இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்தில் பத்து பங்கு வித்தியாசம் இருந்தாலே ஐந்து நிமிடப் பாட்டின் முடிவில் 3 மில்லிசெகண்ட் தள்ளிப்போய்விடும். கீபோர்டுக்கும் பாட்டுக்கும் இது பெரிய விஷயமில்லை. ஒரே ஸ்நேர் அடியை ஐந்து மைக் கேட்கிற டிரம்ஸில், பாட்டு ஓட ஓட சத்தம் மெல்ல மெல்லச் சொத்தையாவதை நீங்களே கேட்கலாம்.

சரி, எந்த மாடல் வாங்கலாம்?

உங்களிடம் இப்போது என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஏடாட் இன் உள்ள இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே இருந்தால், பெரிங்கர் ஏடிஏ8200. எட்டு மைக் ப்ரீஆம்ப், மைடாஸ் கம்பெனி டிசைன், ஏடாட் உள்ளேயும் வெளியேயும். குறைகளையும் சொல்லிவிடுகிறேன்: சாம்பிள் ரேட் (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, ஃபேன்டம் பவருக்கு (கண்டென்சர் வகை மைக்குக்குக் கேபிள் வழியே போகிற 48 வோல்ட்) எட்டு சேனலுக்கும் சேர்த்து ஒரே ஸ்விட்ச், பேட் கிடையாது. கடைசிக் குறை டிரம்ஸுக்கு முக்கியம், கீழே வருகிறேன். கொஞ்சம் அதிகம் செலவழிக்க முடிந்தால் ஃபோகஸ்ரைட்டின் ஆக்டோப்ரீ வரிசை.

ஒன்றுமே இல்லாமல் புதிதாக ஆரம்பிக்கிறீர்கள் என்றால் தனி ப்ரீஆம்ப் பக்கமே போகாதீர்கள். பெரிங்கர் யூஎம்சி1820 எடுங்கள், எட்டு மைக் ப்ரீஆம்ப் உள்ள யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், ஏடாட்டும் இருக்கிறது, பின்னால் ஏடிஏ8200 சேர்த்தால் பதினாறு ஆகிவிடும். கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 அல்லது பிரிசோனஸ் ஸ்டுடியோ 1824சி. இரண்டிலும் எட்டு மைக் ப்ரீஆம்ப், ஏடாட் உண்டு. இந்த மூன்றையும் டிரம்ஸ் டிராக்கில் கேட்டு எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன் என்கிறவரிடம் பந்தயம் கட்ட நான் தயார்.

மேடையிலும் வாசிக்கிற குழு என்றால் என் யோசனை வேறு. பெரிங்கர் எக்ஸ்ஆர்18. அது ஒரு டிஜிட்டல் மிக்ஸர், பதினாறு மைக் ப்ரீஆம்ப், டேப்லெட்டில் இயக்குவது, யூஎஸ்பியில் பதினெட்டு சேனலும் தனித்தனியாகக் கணினிக்குப் போகும். சனி ஞாயிறு கல்யாண மண்டபத்தில் சம்பாதிக்கும், செவ்வாய்க்கிழமை வீட்டில் டிரம்ஸ் எடுக்கும். 48 கிலோஹெர்ட்ஸ்தான் உச்சம், பரவாயில்லை.

லேப்டாப்பே வேண்டாம் என்கிறவர்களுக்கு ஜூம் எல்-12 போன்ற மிக்ஸர், எஸ்டி கார்டிலேயே ஒவ்வொரு சேனலையும் தனித்தனி டிராக்காக எழுதிவிடும். கோயில் மண்டபத்தில் போய் எடுப்பவர்களுக்கு வசதி.

மலிவு ப்ரீஆம்பில் இரைச்சல் வராதா? நல்ல ஸ்டுடியோ எல்லாம் லட்சக்கணக்கில் போடுகிறார்களே?

நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். ஒரு சின்னக் கணக்கு போட்டால் பயம் போய்விடும்.

ஷ்யூர் எஸ்எம்57 மைக்கை எடுத்துக்கொள்வோம், 1965-இலிருந்து வருகிறது, உலகத்தில் பாதி ஸ்நேர் அதில்தான் எடுக்கப்பட்டிருக்கும். 94 டெசிபல் சத்தத்துக்கு அது ஏறக்குறைய 1.6 மில்லிவோல்ட் தரும். இப்போது ஒரு வீணையை வைத்து ஓரடி தள்ளி அதே மைக்கை நிறுத்துங்கள். அங்கே சத்தம் 70 டெசிபல் என்று வைத்தால் மைக் தருவது 0.1 மில்லிவோல்ட். இதைத் தூக்க 60 டெசிபலுக்கு மேல் கெயின் (தூக்குகிற அளவு) வேண்டும், குமிழை வலது கோடிவரை திருப்ப வேண்டும், அங்கேதான் மலிவு ப்ரீஆம்ப் "ஸ்ஸ்" என்று இரைய ஆரம்பிக்கிறது. லட்ச ரூபாய் ப்ரீஆம்ப் அங்கேதான் தன் விலைக்கு நியாயம் செய்கிறது.

ஸ்நேருக்கு வாருங்கள். தோலிலிருந்து மூன்று விரல் தள்ளி மைக் வைத்தால் அடியின் உச்சம் 130 டெசிபலைத் தொடுவது சாதாரணம். அதே எஸ்எம்57 இப்போது 100 மில்லிவோல்ட் தருகிறது, வீணைக்குத் தந்ததைப் போல ஆயிரம் மடங்கு. 20 டெசிபல் கெயின் இருந்தால் தாராளம், குமிழ் ஒன்பது மணியைக்கூடத் தாண்டாது. அந்த நிலையில் எந்தப் பெட்டியும் இரையாது, இரைந்தாலும் உங்கள் வீட்டு மின்விசிறி சத்தத்துக்குக் கீழே எங்கேயோ கிடக்கும். டிரம்ஸ் என்பது ப்ரீஆம்புக்குப் பாயசம் மாதிரி வேலை.

அதனால் டிரம்ஸ் எடுக்க ப்ரீஆம்ப் தேடுகிறவர் கேட்க வேண்டியது "எவ்வளவு அமைதி" என்பதில்லை, "எவ்வளவு சத்தத்தைத் தாங்கும்" என்பது. விளம்பரத்தில் கெயின் 60 டெசிபல் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், நமக்கு அது தேவையே இல்லை. குறைந்தபட்ச கெயின் எவ்வளவு, மைக் இன்புட்டின் உச்ச அளவு எவ்வளவு, இந்த இரண்டு எண்ணையும் மேனுவலில் தேடிப் பாருங்கள்.

பேட் என்றால் என்ன? இல்லாவிட்டால் என்ன ஆகும்?

உள்ளே வருகிற சிக்னலை 10 அல்லது 20 டெசிபல் குறைத்துவிடுகிற ஸ்விட்ச். கண்டென்சர் மைக் எஸ்எம்57-ஐப் போலப் பத்து மடங்கு அதிகமாகத் தருகிற ஜாதி. அதை ஸ்நேர் பக்கத்தில் வைத்தால் ஒரு வோல்ட்டுக்கு மேலேயே வரும். கெயினை முழுவதும் குறைத்தாலும் சிவப்பு விளக்கு அணையாது. பேட் உள்ள பெட்டி என்றால் தட்டிவிட்டுப் போகலாம். இல்லாத பெட்டி என்றால் மைக்கிலேயே மைனஸ் 10 ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள், அல்லது கேபிள் நடுவே மாட்டுகிற எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிளின் மூன்று பின் ப்ளக்) பேட் வாங்குங்கள், சின்னக் குழாய் மாதிரி இருக்கும். அல்லது ஸ்நேருக்கும் கிக்குக்கும் எஸ்எம்57 மாதிரி டைனமிக் மைக்கையே வைத்துவிடுங்கள், பிரச்சினையே வராது. நான் அப்படித்தான்.

லெவல் எவ்வளவு வைக்க வேண்டும்?

சாஃப்ட்வேர் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி உச்சம் வந்தால் போதும். 24 பிட்டில் அதற்கும் கீழே இருந்தாலும் கெட்டுப்போகாது. சவுண்ட் செக்கில் மெதுவாக அடித்துவிட்டு, பாட்டு ஆரம்பித்ததும் வெறி வந்தவர் மாதிரி அடிக்காத டிரம்மரை நான் இன்னும் பார்க்கவில்லை, ஆகவே அவருக்கென்று ஒரு 6 டெசிபல் மிச்சம் வையுங்கள்.

ஏடாட் கேபிள் போட்டுவிட்டேன், "டிக் டிக்" என்று சத்தம் வருகிறது. பெட்டி பழுதா?

பழுது இல்லை, கடிகாரம். நான் இதில் ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன். ஒரு தை மாதம், தவில் வாசிக்கிற அண்ணன் ஒருவர் கல்யாண சீசனுக்கு நடுவே கிடைத்த ஒரே ஓய்வு நாளில் வந்து உட்கார்ந்து நாலு மணி நேரம் வாசித்துவிட்டுப் போனார். அன்றைக்கு ஹெட்போனில் சரியாகக் கவனிக்கவில்லை, தவிலின் அடியில் எல்லாம் மறைந்துவிட்டது. இரவு கேட்டால் ஏழெட்டு வினாடிக்கு ஒருமுறை டிக். ப்ரீஆம்பும் "நானே கடிகாரம்" என்று ஓடியிருக்கிறது, இன்டர்ஃபேஸும் "நானே கடிகாரம்" என்று ஓடியிருக்கிறது. திரும்ப அவர் கிடைக்க ஆனி மாதம் ஆயிற்று.

செய்ய வேண்டியது இதுதான். ப்ரீஆம்ப் அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸ் இன்னுக்கு ஒரே ஒரு ஆப்டிகல் கேபிள் போட்டிருந்தால், ப்ரீஆம்பை இன்டர்னல் 48 என்று வையுங்கள், இன்டர்ஃபேஸின் கன்ட்ரோல் பேனலில் க்ளாக் சோர்ஸ் என்ற இடத்தில் ஏடாட் அல்லது ஆப்டிகல் என்று மாற்றுங்கள். ரெக்கார்டிங் சாஃப்ட்வேரிலும் 48 என்றே இருக்கட்டும். "லாக்" விளக்கு எரிந்தால் சரி.

புது ஆப்டிகல் கேபிளின் இரண்டு நுனியிலும் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு குட்டி பிளாஸ்டிக் தொப்பி இருக்கும். அதைக் கழற்றாமல் செருகிவிட்டு கேபிள் சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. (ஒருவரை எனக்கு மிக நன்றாகத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.)

96 கிலோஹெர்ட்ஸில் எடுக்க வேண்டாமா?

வேண்டாம். 96-இல் ஒரு ஏடாட் கேபிள் எட்டுக்குப் பதிலாக நாலு சேனல்தான் கொண்டுபோகும். 48 போதும்.

யூஎஸ்பி இருக்கிற பதினாறு சேனல் மிக்ஸர் மலிவாகக் கிடைக்கிறதே?

ஏமாறாதீர்கள். இந்த விலையில் வருகிற மிக்ஸர்கள் பெரும்பாலானவை பதினாறு சேனலையும் கலந்து இரண்டே சேனலாகத்தான் யூஎஸ்பியில் அனுப்பும். ரெக்கார்ட் ஆன பிறகு "ஸ்நேரை மட்டும் கொஞ்சம் ஏற்று" என்றால் முடியாது, சாம்பாரில் போட்ட உப்பைத் திரும்ப எடுக்கிற கதை. கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "யூஎஸ்பியில் தனித்தனியாக எத்தனை சேனல் போகும்?" அவர் "அதெல்லாம் போகும் சார்" என்று சொன்னால், மாடல் எண்ணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மேனுவல் பாருங்கள்.

எட்டுக்கும் ஒரே ஃபேன்டம் ஸ்விட்ச் என்றால் டைனமிக் மைக் கெட்டுப்போகுமா?

கெடாது. எக்ஸ்எல்ஆர் கேபிள் ஒழுங்காக இருந்தால் எஸ்எம்57 மாதிரி மைக்குக்கு 48 வோல்ட் வருவதே தெரியாது. பழைய ரிப்பன் மைக் இருந்தால் மட்டும் ஜாக்கிரதை. ஃபேன்டம் ஆனில் இருக்கும்போது மைக்கைக் குத்திப் பிடுங்காதீர்கள், அணைத்துவிட்டு அரை நிமிடம் கழித்துச் செய்யுங்கள்.

தவிலுக்கும் இதே பெட்டி சரிவருமா?

நம் பக்கத்து ஆட்கள் கேட்காமல் விடாத கேள்வி. நாச்சியார்கோவில், வலங்கைமான், நீடாமங்கலம் என்று தவிலுக்குப் பெயர் வாங்கிய ஊர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு டிரம்ஸ் மட்டும் எடுப்பது எப்படி?

சரிவரும். சத்தத்தில் தவில் ஸ்நேருக்குச் சளைத்ததில்லை, மேலே போட்ட கணக்கு அப்படியே பொருந்தும். வலந்தலையில் விரல் கூடுகள் விழுகிற அடி ஊசி மாதிரிக் கூர்மை, கழி விழுகிற தொப்பி கனம், இரண்டுக்கும் ஒரே மைக் நியாயம் செய்யாது. வலந்தலைக்கு எஸ்எம்57 ரகம், ஒரு சாண் தள்ளி, விளிம்பைப் பார்த்து. தொப்பிக்கு கிக் டிரம்முக்கு வைக்கிற ஏகேஜி டி112 ரகம். முன்னால் ஐந்தடி தள்ளி, உட்கார்ந்திருப்பவர் நெஞ்சு உயரத்தில் ஒரு கண்டென்சர். கடைசியில் மிக்ஸில் முக்கால்வாசி அந்த மூன்றாவது மைக்தான் நிற்கும், ஏனென்றால் தவிலை நாம் யாரும் தோலில் காதை வைத்துக் கேட்டு வளரவில்லை.

கூடவே நாகஸ்வரமும் வேண்டும் என்றால் தனி டேக் எடுப்பது சுத்தம்தான், ஆனால் வித்வான்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வாசிக்கிறவர்கள், பிரித்து உட்காரவைத்தால் வாசிப்பு செத்துவிடும். ஒரே அறையில் சேர்த்தே உட்காரவையுங்கள், நாகஸ்வரம் தவில் மைக்கில் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். தாளம் போடுகிறவரை மட்டும் எந்த மைக்குக்கும் நேரே உட்காரவைக்காதீர்கள்!

மொத்தப் பணத்தில் ப்ரீஆம்புக்கு எவ்வளவு ஒதுக்குவது?

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மீதியில் முதலில் புதுத் தோல்கள். ஆறு மாதம் அடிவாங்கிக் குழிவிழுந்த ஸ்நேர் தோலை எந்தப் பெட்டியாலும் காப்பாற்ற முடியாது. பிறகு ஓவர்ஹெட்டுக்கு ஒரு ஜோடி கண்டென்சர், கிக்குக்கு ஒரு மைக், எஸ்எம்57 ஒன்று அல்லது இரண்டு. ஸ்டாண்ட், கேபிள் செலவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், எட்டு ஸ்டாண்ட் எட்டு கேபிள் என்று கூட்டிப் பாருங்கள், தலை சுற்றும். கேபிளை நீளமாக வாங்கி நீங்களே சால்டர் செய்தால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்.

எட்டு மைக் வைத்தும் சத்தம் மெலிந்து கேட்கிறது. ப்ரீஆம்ப் மாற்றணுமா?

தொடவே தொடாதீர்கள். அது ஃபேஸ் பிரச்சினை, அதாவது ஒரே ஒலி வெவ்வேறு மைக்குக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வது. நம் ஊர் வெக்கையில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் போகும். ஒரு ஓவர்ஹெட் ஸ்நேரிலிருந்து மூன்றடியிலும் மற்றது மூன்றரை அடியிலும் இருந்தால், அதே அடி இரண்டு இடத்துக்கும் வேறு வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு கயிறை எடுத்து, ஒரு நுனியை ஸ்நேர் நடுவில் அழுத்திப் பிடித்து, இரண்டு ஓவர்ஹெட்டுக்கும் ஒரே நீளம் வருகிற மாதிரி நகர்த்துங்கள். அம்மா கோலம் போட நூல் பிடித்துப் புள்ளி வைப்பது மாதிரி. ஸ்நேருக்குக் கீழே மைக் வைத்திருந்தால் அந்த டிராக்கின் பொலாரிட்டியை (அலையின் மேல் கீழை) திருப்புங்கள். இந்த இரண்டையும் செய்துவிட்டுக் கேளுங்கள், பத்துக்கு எட்டு முறை கிக் திரும்ப வந்துவிடும்.

அறைக்கு என்ன செய்வது? ஃபோம் ஒட்டலாமா?

முட்டை அட்டை, ஒரு அங்குல ஃபோம் எல்லாம் சிம்பலின் மேல் ஓசையை மட்டும் தின்னும், அறை இன்னும் மந்தமாகத்தான் கேட்கும். கனம் வேண்டும். நம் வட்டாரத்தில் இதற்கு ஒரு அருமையான பொருள் தை, மாசியில் வயலிலேயே கிடைக்கிறது: சம்பா அறுவடை முடிந்ததும் மெஷின் சுருட்டிப் போடுகிற வைக்கோல் கட்டு. ஒன்றரை அடி கனத்துக்கு மூலையில் அடுக்கினால் கிக்கின் கீழ் ஓசைகூட அடங்குகிறது. பழைய வேட்டியைப் போர்த்திவிடுங்கள், தூசு பறக்காது. எலி வரும், அது எக்ஸ்எல்ஆர் கேபிளையும் விட்டுவைக்காது, ஆகவே கேபிளைத் தரையில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நெருப்பு பயம் இருக்கிறது, விளக்கு, ஊதுபத்தி எதுவும் அந்த அறையில் கூடாது. இதெல்லாம் ஒத்துவராது என்றால் பழைய இலவம்பஞ்சு மெத்தை நாலு.

கான்கிரீட் வீட்டில் தட்டையான தளம் எட்டு ஒன்பது அடி உயரத்தில் சிம்பலை அப்படியே ஓவர்ஹெட்டுக்குத் திருப்பி அனுப்பும், அங்கே தலைக்கு மேலே ஒரு மெத்தை கட்டுவது நல்லது. ஓட்டு வீட்டில் கூரை சாய்வாக இருப்பதால் அந்தத் தொல்லை கம்மி, சத்தம் தெருக்கோடிவரை கேட்கும், அது வேறு விஷயம்.

உம் என்று ஒரு சத்தம் அடியில் ஓடுகிறதே?

50 ஹெர்ட்ஸ் கரண்ட் சத்தம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் பேட்டரியிலேயே எடுங்கள். எல்லாப் பெட்டியையும் ஒரே போர்டில் குத்துங்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் "ர்ர்ர்" என்று வந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், பியூர் சைன் வேவ் மாடலுக்கு மாற்றாமல் தீராது, கரண்ட் வரும்வரை டீ குடித்துவிட்டு வரலாம்.

எங்கள் வீட்டில் சித்திரை, வைகாசியில் மட்டும் உம் கூடியது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு எர்த் குழி காய்ந்துகிடக்கிறது என்றார். உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம், குறைந்துவிட்டது. மேட்டூர் திறக்கிற ஜூன் 12 வயலுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன், வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் எர்த்தும் நன்றாகிவிடுகிறது.

மழைக்காலத்தில் மைக் பொரிகிறது.

ஐப்பசி, கார்த்திகை ஈரம். கண்டென்சர் மைக்குக்குள் ஈரம் இறங்கினால் எண்ணெய் பொரிகிற மாதிரி சத்தம் வரும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசிப் பானைக்குள் வைக்காதீர்கள், மாவுத் தூசு உள்ளே போகும். டைனமிக் மைக்குக்கு இந்தக் கவலை இல்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

தாராளமாக. நேரில் போங்கள், ஒரு மைக், ஒரு கேபிள், ஒரு மல்டிமீட்டர் எடுத்துக்கொண்டு. எட்டு சேனலிலும் மைக்கைக் குத்திப் பேசிப் பாருங்கள், குமிழைத் திருப்பும்போது கரகர என்கிறதா கேளுங்கள். ஃபேன்டம் போட்டு எக்ஸ்எல்ஆரின் ஒன்றாவது பின்னுக்கும் இரண்டாவதுக்கும், பிறகு ஒன்றுக்கும் மூன்றுக்கும் அளந்தால் 44-லிருந்து 52 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அரை மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பாருங்கள். இந்த ரேக் பெட்டிகள் சூடாவது இயல்பு, வாங்கிய பிறகும் மேலே கீழே ஒரு இடைவெளி விட்டு வையுங்கள்.

லேப்டாப் எவ்வளவு பெரியது வேண்டும்?

ரெக்கார்ட் செய்ய மட்டும் என்றால் சாதாரண லேப்டாப்பே போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு சேனல் நிமிடத்துக்கு 8.6 எம்பி. எட்டு சேனல் ஒரு மணி நேரம் ஓடினால் நாலு ஜிபி சொச்சம். எஸ்எஸ்டி இருந்தால் திணறாது. மிக்ஸிங் செய்யும்போதுதான் மூச்சு வாங்கும்.

எந்த நேரத்தில் எடுப்பது நல்லது?

வெளிச் சத்தத்துக்காகக் கவலைப்படாதீர்கள். மார்கழி விடியற்காலை கோயில் ஸ்பீக்கர், மழையில் தவளை, அறுவடை மெஷின் எல்லாம் மேலே சொன்ன வீணைக் கணக்குக்காரர்களின் தலைவலி. 130 டெசிபல் ஸ்நேருக்கு முன்னால் தவளை எங்கே கேட்கப்போகிறது. நமக்கு எதிர்த் தொல்லை, நம் சத்தம் அடுத்தவருக்குக் கேட்பது. நான் காலை பதினொன்றிலிருந்து ஒன்று வரை, மாலை நாலிலிருந்து ஆறு வரை. மாசி, பங்குனியில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை, அந்த ஒரு மாதம் டிரம்ஸுக்குப் போர்வை போர்த்திவிட்டு மிக்ஸிங் வேலை மட்டும் பார்க்கிறேன், ஹெட்போனில்.